தறி ஓடும்போது பேசியது

திருத்தணி தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை மனு என்று நாள் முழுக்க அடுத்தவர் வாழ்க்கையை நகல் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஓய்ந்த நேரத்தில் நானும் ஏதாவது எழுதுவேன். எழுதியதைப் படிக்கச் சொன்னால் நண்பர்களுக்கு உடனே வேலை வந்துவிடும். அப்படிப்பட்டவனிடம் ஒருநாள் ஒரு பெண் வந்து, மனு எழுதித் தரச் சொல்லாமல், தான் எழுதிய கதையைத் தட்டச்சு செய்து தரச் சொன்னாள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும். எதிரே நின்றிருந்த வாரிசுச் சான்றுக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டேன்.

அவள்தான் அனுராதா. நாற்பதைத் தாண்டியவள். மலையடிவாரத்தில் நெசவாளர்கள் இருக்கும் தெருவில் வீடு. வீட்டின் பின்பகுதியில் விசைத்தறிகள் ஓடுகின்றன. கணவர் குமரவேல் பாதியைப் பார்த்துக்கொள்வார், இவள் பாதியைப் பார்த்துக்கொள்வாள். கைலி நெய்கிறார்கள். நூல் சுற்றிய தார் தீர்ந்தால் வேறு மாட்ட வேண்டும், இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், மற்ற நேரமெல்லாம் நின்றுகொண்டே கண்காணிக்க வேண்டும். கண்ணுக்கு வேலை, காலுக்கு வேலை, வாய்க்கு மட்டும் வேலை இல்லை. அந்தச் சும்மா இருக்கிற வாயால்தான் அனுராதா கதை செய்தாள். வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். பிடிக்காவிட்டால் மாற்றிச் சொல்வாள். கதாபாத்திரத்தோடு சண்டை போடுவாள், சிரிப்பாள், சில சமயம் அழுவாள். நாலடி தள்ளி நிற்கிற குமரவேலுக்கு ஒரு சொல்கூடக் காதில் விழாது. அவ்வளவு இரைச்சல்.

தறி ஓடுகிற வீடுகளில் இது ஒரு பழக்கம். ரகசியம் பேச வேண்டுமென்றால் மற்றவர்கள் கதவைச் சாத்துவார்கள், இவர்கள் தறிக்குப் பக்கத்தில் போவார்கள். காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் ஒருவருக்கே கேட்கும், இரண்டாவது ஆளுக்குக் கேட்க வழியே இல்லை. மாமியாரைப் பற்றி மாமியார் இருக்கும்போதே பேசலாம். அப்படி இரண்டு பேர் நின்று பேசினால் மற்றவர்கள் வேறு பக்கம் பார்ப்பது மரியாதை. அதே தெருவில் அனுராதா பிறந்த வீட்டிலும் தறிதான். அவளுடைய கல்யாணச் சேதியை அவளுக்கு முதலில் சொன்னது அவளுடைய அக்கா எல்லம்மாள், சொன்ன இடம் தறியடி. சின்ன வயதிலிருந்து அவள் மனதில் பதிந்தது ஒன்றுதான்: தறி ஓடும்போது பேசுவது யாருக்கும் கேட்காது.

என்னிடம் அவள் கொண்டுவந்த கதையின் பெயர் ‘பூமுடி’. குழந்தைக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று ஒருத்தி தன் தலைமுடியை முருகனுக்கு நேர்ந்துகொள்கிறாள். குழந்தை பிழைக்கிறது. மலை ஏறி வந்து கத்திக்கு முன் உட்காரும்போது அவளுக்கு மனசு வரவில்லை. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. எழுந்துவிடுகிறாள். மூன்று கொத்தை மட்டும் நறுக்கிக் கொடுத்துவிட்டு வருகிறாள். எங்கள் ஊரில் அதைத்தான் பூமுடி கொடுப்பது என்பார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று பின்னல் போட்டுக்கொள்கிறாள். அதோடு கதை முடியும். நல்ல கதை என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஒரு சிற்றிதழில் அது வந்தது. சிற்றிதழை யார் படிக்கப் போகிறார்கள் என்று இருந்தோம். ஆனால் அனுராதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் கடையிலேயே நகல் எடுத்துத் தெருவில் வீட்டுக்கு வீடு கொடுத்தாள். தெரு மொத்தமும் படித்தது, படித்த மறு நிமிடமே ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. பெயர் மாற்றியிருந்தாள். பெயரை மாற்றி என்ன செய்ய, அந்த முடியை மாற்றவில்லையே. அந்தத் தெருவில் அவ்வளவு முடி எல்லம்மாளுக்கு மட்டும்தான் இருந்தது.

எல்லம்மாள் கல்யாணமாகி அரக்கோணத்தில் இருக்கிறார். கணவர் பங்காரு ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் சினேகா, கதையில் பிழைத்த குழந்தை. இப்போது தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறாள். அந்தச் சமயத்தில் அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பேச்சு கிட்டத்தட்ட முடிந்த நிலையில், கதை சுற்றிச் சுற்றி மாப்பிள்ளை வீட்டுக் காதுக்கும் போய்விட்டது. சாமிக்கு வைத்த வேண்டுதல் பாக்கி இருக்கிற வீட்டில் பெண் எடுக்கலாமா என்று அவர்கள் இழுத்தார்கள். எல்லம்மாள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. மறுவாரம் தனியாக ரயிலேறி வந்தார், தங்கை வீட்டுப் பக்கம்கூடத் திரும்பாமல் மலை ஏறினார், முழு மொட்டை அடித்துக்கொண்டு, தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு அப்படியே அரக்கோணம் போய்விட்டார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். இப்படிக் கேட்ட வீடு எனக்கு வேண்டாம் என்று சினேகா மறுத்துவிட்டாள். ஆக, வரனும் போனது, முடியும் போனது, அக்காளும் தங்கையும் பேசுவதும் போனது.

அனுராதா அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. தறியடியில் வாயசைப்பது நின்றுவிட்டது. ஒருநாள் குமரவேலே என் கடைக்கு வந்து, "அவ பேசிகினே இருந்தா எனுக்கும் ஒரு தொணையா இருந்துதுங்க. ஒண்ணும் கேக்காதுதான். வாயி ஆடறதப் பாத்துகினு இருப்பேன்" என்றார். அந்த மனிதர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

இரண்டு வருடம் போல இப்படியே போனது. அப்போதுதான் இணையத்தில் ஒரு எழுத்தாளர் முகாம் அறிவிப்பு வந்தது. மூன்று நாள், வீட்டிலிருந்தபடியே. எழுத்தின் நுட்பம், சோர்ந்து போகாமல் நெடுங்காலம் எழுதுவது எப்படி, இரண்டும் சொல்லித்தருவார்களாம். அரக்கோணத்திலிருந்து சினேகா தன் பெயரையும் சின்னம்மா பெயரையும் சேர்த்தே பதிவு செய்துவிட்டாள். அம்மா பேசாவிட்டாலும் மகள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். சின்னம்மா தனியாகத் திண்டாடக் கூடாது என்று தானும் சேர்ந்தாள். அதைக் கேள்விப்பட்டு நானும் சேர்ந்தேன். சோர்வைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

முகாமை நடத்தியவர் கௌதமன் என்பவர். நல்ல மனிதர்தான். குரல் மட்டும், ஆஸ்பத்திரியில் பெரிய நோயைச் சொல்லப் போகிற டாக்டர் குரல் மாதிரி, எப்போதும் தணிந்தே இருக்கும். முதல் நாள் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். பிறகு அவரவர் எழுதும் இடத்தைக் காட்டச் சொன்னார். ஒருவர் ஜன்னல் ஓரத்து மேசையைக் காட்டினார், ஒருவர் துளசிச் செடியைக் காட்டினார். நான் ஜெராக்ஸ் மெஷினைக் காட்டினேன். அனுராதா தறியை நிறுத்திவைத்து அதைக் காட்டினாள். எழுதுவதற்கு அமைதியான ஒரு மூலை, வீட்டாரே நுழையாத ஒரு நேரம், உறவுகளுக்கு நடுவே ஓர் எல்லைக்கோடு, இந்த மூன்றும் இருந்தால் வாழ்நாள் முழுக்க எழுதலாம் என்றார் கௌதமன். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

கேள்வி நேரத்தில் அனுராதா கை தூக்கினாள்.

"நான் ஒரு கதை எழுதினேங்க. அதனால என் கூடப்பொறந்தவ என்னோட பேசறதில்ல. இனிமே எழுதினாலும் இதுமாதிரி யாராவது ஒருத்தர் போயிடுவாங்களோன்னு இருக்குது. எழுதாம இருந்தா ஒடம்புக்கு முடியல. இதுக்கு என்ன பண்ணணும்?"

கௌதமன் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். எழுத்தாளர் உண்மைக்குத்தான் கடமைப்பட்டவர், காலம் எல்லாவற்றையும் ஆற்றும், அடுத்த முறை அடையாளங்களை இன்னும் கொஞ்சம் மாற்றுங்கள் என்றார். "ஆங், சரிங்க" என்றாள் அனுராதா. முகத்தைப் பார்த்தால் சரியில்லை என்று தெரிந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. மூச்சைக் கவனித்தால் அக்கா திரும்பி வருவாளா.

இரண்டாம் நாள் காலையில் மௌன எழுத்து என்று ஒன்று வைத்தார்கள். எல்லாரும் காமிராவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, மைக்கை மூடிவிட்டு, ஒன்றாக உட்கார்ந்து அவரவர் எழுத வேண்டும். வேலை நாள் என்பதால் அனுராதா தறியை ஓட விட்டிருந்தாள். போனைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, காதில் சினேகா வாங்கிக் கொடுத்த ப்ளூடூத் இயர்போனோடு தறிகளுக்கு நடுவே நடமாடிக்கொண்டிருந்தது திரையில் தெரிந்தது. மைக்கை மூட மறந்துவிட்டாள். மறந்தது தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டாள். தறிதான் ஓடுகிறதே.

இந்தக் காலத்துச் செயலிகள் பொல்லாதவை. மின்விசிறி, மிக்ஸி, தெருவில் போகிற லாரி என்று எல்லா இரைச்சலையும் சலித்துக் கீழே தள்ளிவிட்டு மனிதக் குரலை மட்டும் அனுப்பிவைக்கின்றன. தறிச் சத்தம் சுத்தமாகக் காணாமல் போய்விட்டது. வாய்க்குப் பக்கத்தில் இருந்த மைக்கில் அனுராதாவின் குரல் மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

முதலில் ஏதோ கதைதான். பேருந்தில் போகிற ஒரு பெண், ஜன்னல், மழை. இரண்டு மூன்று முறை மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். "தூ, இதெல்லாம் யாருக்கு வேணும்" என்று அதை விட்டாள். குனிந்து ஓர் இழைக்கு முடிச்சுப் போட்டாள். பிறகு ஆரம்பித்தாள்.

"அக்கா, அன்னிக்கி நீ ஏன் எழுந்து வந்தேன்னு எனுக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. நான் கீழ செருப்பப் பாத்துகினு நின்னேன். நீ எறங்கி வரும்போது முடியோட வந்த. அத மட்டுந்தான் நான் பாத்தேன். மீதியெல்லாம் நானா போட்டுகினது. உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேட்டா நீ வேணாம்னு சொல்லிடுவ, கத போயிடும்னு கேக்கல. உன் தலையில கத்தி வெச்சது நான்தான்கா. மலைமேல இருக்கறவங்க சும்மா கூலிக்கு வெச்சாங்க."

சாட்டில் யாரோ, மைக் திறந்திருக்கிறது என்று போட்டார்கள். கௌதமன் மூடியிருக்கலாம், அவர் கையில்தான் எல்லாம் இருந்தது. அவர் மூடவில்லை. இருக்கட்டும், கேட்போம் என்று ஒருவர் எழுதினார். அழுகிற பொம்மைகளை ஒருவர் வரிசையாகப் போட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறாள், இவர்கள் கச்சேரி மாதிரி கேட்கிறார்கள். அனுராதாவுக்குப் போன் செய்தேன், முகாமுக்காக மணியை அடக்கி வைத்திருந்தாள் போல, எடுக்கவில்லை. குமரவேலுக்குச் செய்தேன். தறியடியில் நிற்கிறவருக்கு எங்கே மணி கேட்கும். கடையை அப்படியே போட்டுவிட்டு டிவிஎஸ்ஸை எடுத்தேன். மைக்கை மூடுங்கள் என்று நானே கத்தியிருக்கலாமே என்பது சன்னதித் தெரு நெரிசலில் மாட்டிக்கொண்ட பிறகுதான் தோன்றியது. மொட்டை போட்ட ஒரு பெரிய குடும்பம் வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்கு அவர்கள்மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அமர்வு முடிந்திருந்தது. குமரவேல் என்னைப் பார்த்துவிட்டுத் தறியை நிறுத்தினார்.

"இன்னாண்ணா, இப்படி மூச்சு வாங்குது?" என்றாள் அனுராதா.

சொன்னேன். எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருந்தது, அதனால் நேராகவே சொல்லிவிட்டேன். அவள் தறியைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "தறி ஓடிகினு இருந்துதேண்ணா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அவள் முகம் மாறியது.

"சினேகா இருந்தாளா?"

"இருந்தா."

"வீட்டுலயா, ஆபீஸ்லயா?"

லீவு போட்டிருந்தாள், வீட்டில்தான் இருந்தாள். அனுராதா அப்போதே அவளுக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் மறைக்கவில்லை.

"கூடத்துல லேப்டாப் வெச்சிருந்தேன் சின்னம்மா. அம்மா பக்கத்துல மொச்ச உரிச்சிகினு இருந்தாங்க. சத்தத்தக் கொறைக்கலாம்னு கைய நீட்டினேன். அம்மா மொகத்தப் பாத்தேன். கொறைக்கல."

"இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. உரிச்சதையும் தோலையும் அப்படியே வெச்சிட்டு எழுந்து போயிட்டாங்க."

அனுராதா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்பு கேட்க வேண்டிய ஆளிடம் கேட்காமல், முன்பின் தெரியாத கூட்டத்தின் நடுவில் அக்காளை மறுபடியும் அம்பலத்தில் வைத்துவிட்டோம் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒருமுறை தெருவுக்கு, இன்னொரு முறை ஊர் உலகத்துக்கு. இதற்கு மேல் அக்கா முகத்தில் விழிக்க முடியாது, எழுத்தும் வேண்டாம், முகாமும் வேண்டாம் என்றாள். நாளைக்கு வந்து போனில் எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிக் கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அதற்காகத்தான் போனேன். நான் போய்க் கொஞ்ச நேரம் இருக்கும், வாசலில் செருப்புச் சத்தம். எல்லம்மாள் உள்ளே வந்தார். அரக்கோணத்திலிருந்து காலை ரயிலில் வந்திருக்கிறார். முடி இப்போது தோள்வரை வளர்ந்திருந்தது, பாதிக்கு மேல் நரை. அதை ஒரு ரப்பர் பேண்டில் அடக்கியிருந்தார். என்னைப் பார்த்து "வாங்க" என்றார், யார் வீட்டுக்கு யாரை வரவேற்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். நேராகப் பின்பகுதிக்குப் போனார்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. அனுராதா அக்காளைப் பார்த்ததும் நிறுத்தப் போனாள். எல்லம்மாள் கையைப் பிடித்துத் தடுத்தார். தங்கையின் தலையைக் காதோரமாகப் பிடித்து இழுத்து, வாய் வைத்துப் பேசினார். நான் கதவருகில்தான் நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குமரவேல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், ஒரு கணம் தாமதமாக நானும் திரும்பிக்கொண்டேன். பேசி முடிக்க வெகு நேரம் ஆனது. நடுவில் ஒரு தறியில் இழை அறுந்து நின்றது. அதை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது எல்லம்மாளின் கண் சிவந்திருந்தது. "காப்பி போடறேன்" என்று அடுப்படிக்குப் போனார். அனுராதா வெள்ளைத் தாள் கேட்டாள், என் பையில் எப்போதும் இருக்கும், கொடுத்தேன். சோற்றுப் பானை வைத்திருந்த பலகையை நகர்த்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். அமைதியான மூலையும் இல்லை, வீட்டார் நுழையாத நேரமும் இல்லை. எல்லம்மாள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார், நாங்கள் காப்பி குடித்தோம், பக்கத்து வீட்டுக்காரி உப்பு கேட்டு வந்தாள். இவள் எழுதிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மதியம் கடைசி அமர்வு. இந்த மூன்று நாளில் எழுதியதை விரும்பியவர்கள் படிக்கலாம். கௌதமன் முதலில் முந்தின நாள் நடந்ததைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தார். அந்தக் குரல் எங்களை எல்லாம் ஆழமாகத் தொட்டது என்றார். "மைக்க மூடியிருக்கலாங்க நீங்க" என்றாள் அனுராதா, கோபமில்லாமல். அவர், "மூடியிருக்கணும்மா. தப்புதான்" என்றார். அவர் பேசியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

குமரவேல் தறிகளை நிறுத்தினார். வீடு திடீரென்று அந்நியமாக இருந்தது. அனுராதா போனுக்கு முன்னால் தாளோடு உட்கார்ந்தாள், எல்லம்மாள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார், படத்தில் பாதி முகம் தெரிகிற மாதிரி. திரையில் ஒரு கட்டத்தில் சினேகா இருந்தாள்.

அனுராதா படித்தாள். எழுதியது ஒன்றரைப் பக்கம்தான். மறுபடியும் அதே பெண், அதே மலை. இந்த முறை கூடவே கணவனும் இருந்தான். அவனும் முடி நேர்ந்திருந்தான், அவன்தான் முதலில் உட்கார்ந்தான். குழந்தையைக் காய்ச்சலில் இருந்து மீட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, இன்னும் நிற்கத் தெம்பில்லை. மழித்த தலையில் சந்தனத்தோடு அப்பன் திரும்பிக் கையை நீட்டினான். குழந்தைக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. வீறிட்டது. அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் முடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டது, முடிக்குள்ளேயே முகத்தை ஒளித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் அது அந்த முடியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கியது. இதையும் எடுத்துவிட்டால் குழந்தை யாரிடம் போகும் என்று தாய் நினைத்தாள். பூமுடி கொடுத்துவிட்டு எழுந்தாள். கீழே செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற தங்கைக்கு எதுவும் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை.

படித்து முடித்தாள். திரையில் சினேகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது இன்றைக்குத்தான் தெரியும். அக்காளின் பழி தீர்ந்தது, தங்கையின் கடனும் தீர்ந்தது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நான் நினைத்தேன். கௌதமன் பாராட்டிப் பேசக் கண்ணைத் திறந்தார்.

எல்லம்மாள் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான்கா. நீ சொன்னத அப்படியே போட்டிருக்கேன். மொதல்ல எழுதினதுல இருந்த ஆசை, கண்ணாடி, எல்லாத்தயும் எடுத்துட்டேன். நாலு பேர் இனிமே உன்ன ஒரு வார்த்த சொல்லக் கூடாது."

"ஏன் எடுத்த?"

அனுராதாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"ஆசையும் இருந்துது அனு" என்றார் எல்லம்மாள். குரலைத் தணிக்கவில்லை. தறி நின்ற வீட்டில், அத்தனை பேரும் கேட்க, நிதானமாகச் சொன்னார். "கொழந்த பயந்தது நெசம். நான் பயந்ததும் நெசம். ஆனா அது வீல்னு கத்திச்சி பாரு, அப்ப எனுக்கு, நல்லவேள அழுதுதுன்னு ஒரு நெனப்பு வந்துது. எழுந்துக்கறதுக்கு ஒரு காரணம் கெடச்சிதேன்னு. இத்தன வருசம் யார்கிட்டயும் சொல்லல. கூட ஒக்காந்து மொட்ட போட்ட உங்க பாவாகிட்டகூட சொல்லல. நீ மொத கதயில அந்த ஆசைய மட்டும் எழுதின, எனுக்கு ஆத்திரம் வந்துது. இப்ப பயத்த மட்டும் எழுதியிருக்க. கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்தப் பொம்பள யாரோ. நான் இல்ல."

திரையில் சினேகா கையை வாயிலிருந்து எடுத்தாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லம்மாளும் மகளைப் பார்த்தார், பார்வையைத் தாழ்த்தவில்லை.

பிறகு தங்கையின் மடியிலிருந்த பேனாவை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"அதயும் போடு. போட்டுட்டு திரும்பப் படி. நான் இருக்கேன்."